உயில் மட்டும் போதாது: குடும்ப நிறுவனங்களுக்குத் தேவைப்படும் நிர்வாகப் பாடம்

இந்தியாவின் பெரும் தொழில் குழுமங்களில் பல இன்றும் குடும்பங்களின் கட்டுப்பாட்டிலேயே உள்ளன. கணக்கையும் சந்தையையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இக்குடும்பங்கள் தவறுவதில்லை. ஆனால், உடன்பிறந்தோரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து முடிவெடுப்பது எப்படி என்பது பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை.

இதன் விலையை ரிலையன்ஸ் குழுமம் உணர்த்தியது. 2002 ஜூலையில் திருபாய் அம்பானி உயில் எழுதாமலே காலமானார். மகன்கள் முகேஷ், அனில் இடையே எழுந்த பூசல், தாயார் கோகிலாபென் முன்னின்று செய்த சமரசத்தால் 2005 ஜூனில் பாகப்பிரிவினையில் முடிந்தது. ஆயினும், எரிவாயு வழங்கல் தொடர்பான தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குடும்பத்தினர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை, லட்சக்கணக்கான பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என 2010 மே மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மாறாக, 1897-இல் தொடங்கப்பட்ட கோத்ரெஜ் குழுமம், நீதிமன்றப் படியேறாமல் 2024 ஏப்ரலில் பேச்சுவார்த்தை மூலம் பிரிந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒரு கிளைக்கும், கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனமும் மும்பை நிலங்களும் மற்றொரு கிளைக்கும் சென்றன.

குடும்பம், உடைமை, நிர்வாகம் ஆகிய மூன்றும் தனித்தனி வட்டங்கள். அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில்தான் மோதல் பிறக்கிறது என்று 1978-இல் ஹார்வர்டில் ரெனாட்டோ டாகியூரியும் ஜான் டேவிஸும் விளக்கினர். மகனாக இருப்பவர் பங்குதாரராகவும் மேலாளராகவும் இருக்கையில், எந்த உரிமையில் பேசுகிறார் என்ற தெளிவு அவசியமாகிறது. மும்பை எஸ்.பி.ஜெயின் மேலாண்மை நிறுவனம், ஐதராபாத் இந்திய வணிகப் பள்ளி போன்றவை குடும்பத் தொழிலைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன.

இப்பாடத்தின் மையம் குடும்ப சாசனம். பணியில் சேரத் தகுதி என்ன, ஈவுத்தொகை எவ்வளவு, விலக விரும்புவோரின் பங்குக்கு விலை நிர்ணயிப்பது எப்படி என்பன முன்கூட்டியே எழுதப்படுகின்றன. ஜி.எம்.ஆர். குழுமம் இத்தகைய சாசனத்தை வகுத்துக் கொண்டது.

மகள்களின் இடமும் அதில் தெளிவாக வேண்டும். முருகப்பா குழுமத்தில் 2017-இல் காலமான எம்.வி.முருகப்பனின் குடும்பத்தினர், முதலீட்டு நிறுவனமான அம்பாடியின் இயக்குநர் குழுவில் மகளுக்கு இடம் கோரியதால் எழுந்த பிணக்கு, 2023-இல்தான் உடன்பாட்டை எட்டியது.

சாசனம் மட்டும் சட்டமாகிவிடாது. அதன் முக்கிய விதிகள் நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலும் பங்குதாரர் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றால்தான் வலுப்பெறும். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் நிர்வாகத்தையோ கட்டுப்பாட்டையோ பாதிக்கும் குடும்ப ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும் என்று 2023-இல் செபி விதி வகுத்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

குடும்பத்தின் பூசல் அத்துடன் நிற்பதில்லை. தொழிலாளரின் வேலையும் சிறு முதலீட்டாளரின் சேமிப்பும் அதனுடன் பிணைந்துள்ளன. எனவே, மூத்தவர் உயிருடன் இருக்கும்போதே, கருத்து வேறுபாடு முளைக்கும் முன்பே இப்பாடம் தொடங்கப்பட வேண்டும். வழக்கு தொடுத்த பின் எழுதப்படும் சாசனத்தில் கையெழுத்திட எவரும் முன்வருவதில்லை.