நட்டு பாவம், ஸ்க்ரூவைப் பாருங்க!

மக்களே, சினிமா, அரசியல்னு எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நமக்குத் தெரிஞ்சது லேத்து. அதனால இன்னிக்கு மரை கழண்ட கதை. என்னோடது இல்லீங்க, லேத்தோடது :-)

எங்க பட்டறையில அப்பா காலத்து ஆறடி லேத் ஒண்ணு இருக்கு. கோயமுத்தூர்ல சந்துக்குச் சந்து இப்படி ஒண்ணு மூலையில கிடக்கும். போன வருசம் அதுல கடைஞ்ச பன்னெண்டு ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்துல சைஸ் தப்பி அப்படியே திரும்பி வந்துச்சு. கிராஸ் ஸ்லைடு அவ்வளவு லூஸ். தம்பி, "அண்ணா, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு லோன்ல புதுசு எடுத்துடலாம்"னான். மனசு கேக்கல.

எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கன்மெட்டல்ல புது நட் போட்டேன். கிராஸ் ஸ்லைடுக்கு இடது மரைங்கறதை மறந்து, முதல் நட்டை வலது மரையில வெட்டி ஒரு துண்டு கன்மெட்டல் வீணாப் போனது தனிக்கதை. ரெண்டாவது நட் ஏறுச்சு. ஆனா ரெண்டு ஓரத்துலயும் கிண்ணுனு இருக்கு, நடுவுல தொளதொளன்னு ஆடுது. நடுவுக்கு சரியா இறுக்கினா ஓரத்துல கைப்பிடியே சுத்தல.

அப்பாகிட்ட வேலை பார்த்த பழைய டர்னர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு சொன்னார்: "நட்டு பாவம் தம்பி. ஸ்க்ரூவைப் பாரு."

விஷயம் இதுதாங்க. ஸ்லைடு எங்கே அதிகமா ஓடுதோ அங்கேதான் ஸ்க்ரூ தேயும். காஸ்டிங் கடையும்போது விழற இரும்புத்தூள் எண்ணெயோட சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நட் முழுசும் ஒரே மாதிரி தேயுது, ஸ்க்ரூ ஒரு இடத்துல மட்டும் தேயுது. அந்த வித்தியாசத்தை எந்தப் புது நட்டாலயும் சரிக்கட்ட முடியாது.

கண்டுபிடிக்கிறது சுலபம். முதல்ல கைப்பிடி பக்கத்துல காலர் லூஸான்னு பாருங்க. பாதி ஆட்டம் அங்கேயே இருக்கலாம். அப்புறம் ஸ்லைடுல டயல் கேஜ் வெச்சு, கைப்பிடியை முன்னால சுத்திட்டு, பின்னால திருப்பி, ஸ்லைடு நகர ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை கோடு சும்மா போகுதுன்னு எண்ணுங்க. மூணு இடத்துல செய்யுங்க. என்னோடது 5 மி.மீ. பிட்ச், 100 கோடு, அதாவது கோட்டுக்கு 0.05 மி.மீ. புது நட்டோடயும் ஓரத்துல 3 கோடு, நடுவுல 11. வித்தியாசம் 8 கோடு, 0.4 மி.மீ. அது முழுக்க ஸ்க்ரூவோட தேய்மானம்.

வைத்தியம்? ஸ்க்ரூவைக் கழட்டி, கூடவே ஓடற ஸ்டெடி வெச்சு, தேயாத இடத்துலயும் மரையோட பக்கவாட்டை நடுவுல இருக்கற அளவுக்கு சீவிட்டோம். பல்லோட கனம் 2.5 மி.மீ. இருந்தது 2.1 ஆச்சு. அதுக்குத் தகுந்த மாதிரி கனமான மரையோட மூணாவது நட். ஒரு எச்சரிக்கை: சீவற லேத்தோட லீட் ஸ்க்ரூ சக் பக்கம்தான் அதிகம் தேஞ்சிருக்கும். அங்கே வெச்சு வெட்டினா அதோட தப்பையும் சேர்த்து காப்பி அடிச்சுடுவீங்க. சக்கை விட்டுத் தள்ளி, தேயாத பகுதியில வெட்டுங்க.

என் கருத்து: லூஸ் எதிரி இல்லை. எப்பவும் ஒரே பக்கமா வந்து சைஸ் பிடிச்சா, சீரான லூஸோட காலம் தள்ளலாம். இடத்துக்கு இடம் மாறற லூஸ்தான் எதிரி. டயலை நம்பவே முடியாது. மூணு இடத்துலயும் ஒண்ணு ரெண்டு கோடுதான் வித்தியாசம்னா நட் மட்டும் தாராளமா மாத்துங்க. பல்லு கத்தி மாதிரி ஆயிடுச்சுன்னா புது ஸ்க்ரூவேதான். அளக்காம நட் மட்டும் மாத்தறது, பல் வலிக்கு மாத்திரை போடற மாதிரி.

இப்ப மூணு இடத்துலயும் 3 கோடு. தம்பி லோன் பேச்சை விட்டுட்டான். தினமும் சாயங்காலம் ஸ்க்ரூவைத் துடைச்சு எண்ணெய் விடறது அவன் வேலை.

உங்க ஊர்ப் பட்டறையில என்ன செய்வாங்க? சொல்லுங்களேன், தெரிஞ்சுக்கறேன்.