ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பத்துக்கு எட்டு இடத்தில் இந்த மூன்று வார்த்தைதான் பதில். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். ஏன் நிற்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இதை நான் ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். தலைவலி என்று வந்தவனுக்கு மொட்டை போட்டு அனுப்புகிற வேலை இது.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவன் நான். போன் டெட் என்று புகார் வந்தால், முதலில் எம்.டி.எஃப்.பில் டெஸ்ட் செய்வோம். பழுது எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா, வெளியே கேபிளிலா என்று பிரித்த பிறகுதான் லைன்மேன் சைக்கிளை எடுப்பார். டெஸ்ட் செய்யாமல் தெருவைத் தோண்டு என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் அந்த 100 என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் டிஸ்க் வேலை செய்கிறது என்று அர்த்தம். இது புரியாமல் பேரன் பேத்தி போட்டோக்களை அழித்தவர்கள் நம்மில் உண்டு. அழித்துப் பிரயோஜனமில்லை.

பழைய லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு. நொடிக்கு 90 சுற்று. கிராமபோன் முள் மாதிரி ஒரு கை அங்குமிங்கும் போய்த்தான் படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் தகவல் என்றால் நொடிக்கு நூறு துண்டுக்கும் குறைவாகத்தான் பொதுவாக எடுக்க முடியும். அந்த ஒரு தட்டில்தான் வைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், தேடலுக்கான இண்டெக்ஸிங், சிஸ்மெயின் என்று எல்லாம் வந்து நிற்கின்றன. ராம் 4 ஜிபி மட்டும் என்றால், அதில் கொள்ளாததும் டிஸ்க்குக்கே வருகிறது. ஒரே கவுண்ட்டரில் நாலு க்யூ!

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகம் தின்பவன் மேலே வருவான். ஸ்கேனோ அப்டேட்டோ என்றால் வேலை முடியும்வரை விட்டுவிடுங்கள், தானே அடங்கும். சிஸ்மெயின் என்றால் சர்வீசஸில் போய் நிறுத்திப் பார்க்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். அதில் மஞ்சள் நிறம் காட்டினால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். தேய்ந்த டிஸ்க்கை ஃபார்மட் குணமாக்காது.

எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒருவர். மனைவி தவறி நாலு வருஷம் ஆகிறது. அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் மொத்தமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. கடையில், "ஏதாவது வேணுமா சார்?" என்றுகூடக் கேட்காமல் அடித்துவிட்டார்கள். கூலி ஐந்நூறு ரூபாய். இரண்டே வாரத்தில் பழையபடி 100. ஆகாமல் என்ன செய்யும்? அதே தட்டு, அதே 4 ஜிபி. ஃபார்மட் செய்ததும் அப்டேட்டும் இண்டெக்ஸிங்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. மெஷின் மாறவில்லை, போட்டோதான் போயிற்று.

கடைப் பையன்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஃபார்மட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். பழுதைத் தேட உட்கார வேண்டும். உட்காரும் நேரத்துக்கு நாம் காசு கொடுப்பதில்லை. வைரஸ் புகுந்து நாசமாக்கிய மெஷினுக்கு ஃபார்மட்தான் வழி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வைத்தியம்.

அடுத்த தடவை கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். டிஸ்க்கைத் தின்பது எது? டிஸ்க்கின் உடல்நிலை பார்த்தீர்களா? காப்பி எடுத்தாயிற்றா? பதில் இல்லையென்றால் மெஷினைக் கொடுக்காதீர்கள். ஃபார்மட் கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள். அதில் சுற்றும் தட்டே கிடையாது. பழைய டிஸ்க்கை மட்டும் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறது.