மீட்புக் கயிறு கிணற்றுக்குள் இருக்கலாமா?

மைசூரு ஹெப்பாள் மின்னணு நகரில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் போன்ற பெருவளாகங்களில் சர்வர்களும் ரௌட்டர்களும் பல கட்டடங்களில் பரவி நிற்கும். ரௌட்டரின் அமைப்பில் ஒரு வரி பிழைபடின், வலையமைப்பின் வழியே அதனை அணுக இயலாது. அப்போது கைகொடுப்பது அதன் சீரியல் வாயிலேயாகும். இவ்வாயில்களுட் பல, 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 நெறியையே இன்றும் பின்பற்றுகின்றன.

லினக்ஸ் கணிப்பொறி ஒன்றிலிருந்து இவ்வாயில்களுக்கெல்லாம் கம்பி இழுத்துவிட்டால், ஊழியர் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு ஓட வேண்டுவதில்லை. கான்சர்வர் என்னும் மென்பொருள் கருவிகள் வெளியிடும் செய்திகளை இடைவிடாது பதிந்துவைக்கும். நள்ளிரவில் நின்றுபோன சர்வரின் கடைசிச் சொற்கள் காலையில் கிடைக்கும். இருபுற வேகமும், 9600 ஆயினும் 115200 ஆயினும், ஒத்திருத்தல் வேண்டும். இன்றேல் திரையில் பொருளற்ற எழுத்துகளே தோன்றும். புதியோர் வீணே கம்பியைப் பழிப்பர்.

ஆயினும், மீட்க வந்த இப்பொறியைப் பழுதுறக்கூடிய அதே ஸ்விட்சில் இணைப்போர் உளர். கிணற்றில் விழுந்தவனுக்கான கயிற்றைக் கிணற்றுக்குள்ளேயே வைப்பதற்கு இது ஒப்பாகும். செல்பேசி மோடம் போன்ற தனிவழியும் தனி யுபிஎஸ்ஸும் அதற்கு வேண்டும். இச்செலவை மிகையெனல் பொருந்தாது.

காவலும் வேண்டும். நிர்வாகி லாக்அவுட் செய்யாது இணைப்பை மட்டும் துண்டித்துச் செல்வாராயின், பல அமைப்புகளில் அவருடைய அமர்வு திறந்தே கிடக்கும். அடுத்து வருபவர் கடவுச்சொல் இன்றியே சர்வர் முழுவதையும் ஆளலாம்.