மூணு மாசத்துல கோடிங் எக்ஸ்பர்ட் ஆகலாமா? 42,000 ரூபாய் கட்டறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இஎம்ஐ-ல எடுக்கற கோர்ஸ்களைப் பத்தி நம்ம சேனல்ல பேசியிருந்தேன். அதைப் பார்த்துட்டு மரக்காணத்துலேர்ந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். என்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அம்மா உப்பளத்துல கூலி வேலை. "அண்ணா, காம்படிட்டிவ் புரோகிராமிங் கோர்ஸ் ஒண்ணு இருக்கு. மாசம் 3,500 ரூபாய், 12 மாசம். மூணு மாசத்துலயே எக்ஸ்பர்ட் ஆயிடலாம்னு சொல்றாங்க. சேரட்டுமா?"

என் பதில்: இப்போ வேணாம் தம்பி. கோர்ஸ் மோசம்னு நான் சொல்லல, அதை நான் பார்த்ததில்ல. அந்த "மூணு மாசம்" தான் எனக்கு உறுத்துது.

முதல்ல எக்ஸ்பர்ட்னா என்னன்னு பார்த்துடுவோம். கோட்ஃபோர்சஸ் தளத்துல ரேட்டிங் 1200-க்குக் கீழே இருந்தா நியூபி, 1200 தொட்டா பியூப்பில், 1400-ல ஸ்பெஷலிஸ்ட், 1600-ல தான் எக்ஸ்பர்ட். புதுசா சேர்றவங்களுக்கு ரேட்டிங் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 2020-ல கொண்டு வந்த மாற்றப்படி, முதல் ஆறு போட்டிக்கு ஒரு சலுகைப் புள்ளி உண்டு: 500, 350, 250, 150, 100, 50. மொத்தம் 1400. உள்ளுக்குள்ள உங்களை 1400-னு வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, வெளியில காட்டறப்போ மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக் காட்டுவாங்க. அதனால நிஜத்துல உங்க திறமை 850 கிட்ட இருந்தாலும், முதல் ஆறு போட்டியில கிராஃப் ஏறிக்கிட்டே இருக்கும். ஏழாவது போட்டியில சலுகை தீர்ந்துடும், கிராஃப் கீழே வரும். தம்பி "எனக்கு மூளை இல்ல"ன்னு நினைச்சுக்குவார். அன்னைக்குத்தான் அவரோட உண்மையான ரேட்டிங்கே ஆரம்பிக்குது. புது அக்கவுண்ட்டுக்கு கேஷ்பேக் குடுத்துட்டு நிறுத்துவாங்களே, அதே கதைதான்.

இன்னொண்ணு. ரேட்டிங்கை ஃபிக்சட் டெபாசிட் மாதிரி நினைக்காதீங்க. போட்டா ஏறியே ஆகணும்னு இல்ல. செஸ்ல இருக்கற ஈலோ முறை மாதிரி, இது அடுத்தவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கற எண். உங்களைவிட 200 புள்ளி கூட இருக்கறவர் சுமாரா நாலு போட்டியில மூணுல உங்களை முந்துவார், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அவரும் தினம் பயிற்சி எடுக்கறார். ஆறு மாசம் ஒரே 1000-ல நின்னீங்கன்னா நீங்க ஒண்ணும் கத்துக்கலன்னு ஆகாது, ஓடற கூட்டத்தோட சேர்ந்து ஓடியிருக்கீங்க. பணவீக்கம் 6 சதவீதம் இருக்கறப்போ 6 சதவீத வட்டி வாங்கின மாதிரி.

அப்போ முன்னேற்றத்தை எதை வச்சு அளக்கறது? நான் ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். கேள்வியில 2 லட்சம் எண்கள் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு எண்ணையும் மத்த எல்லாத்தோடயும் ஒப்பிட்டா 4,000 கோடி வேலை. கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு சுமாரா 10 கோடி எளிய வேலை செய்யும்னு வச்சுக்கிட்டா, 400 செகண்ட் ஆகும். நேர வரம்பு 2 செகண்ட். அதே எண்களை வரிசைப்படுத்திட்டுப் பார்த்தா சில பத்து லட்சம் வேலையில முடிஞ்சுடும். கோடு எழுத உட்கார்றதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கலைத் தானா போட்டுப் பார்க்கற பழக்கம் வந்துச்சுன்னா, ரேட்டிங் என்ன காட்டினாலும் நீங்க முன்னேறிட்டீங்க. அடுத்து, போட்டி முடிஞ்ச மறுநாள், முந்தின நாள் முடியாத ஒரே ஒரு கேள்வியை உட்கார்ந்து தீர்க்கறது. இந்த ரெண்டைத் தவிர முதல் வருஷம் வேற எதையும் நான் எண்ண மாட்டேன்.

வாரம் ஆறேழு மணி நேரம் ஒழுங்கா குடுக்கற காலேஜ் பசங்களுக்கு ஒரு வருஷத்துல 1200 தொட்டாலே நல்ல விஷயம்னு நான் சொல்லுவேன். இது என் கருத்துதான். 1600-க்கு ரெண்டு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். கேம்பஸ் ஆன்லைன் டெஸ்ட்டுகள் பலதுக்கு அந்த உயரம் தேவையும் இல்ல. பெலாரஸ்காரர் கென்னடி கொரோட்கெவிச் 11 வயசுலயே, 2006-ல, உலக ஒலிம்பியாட்ல வெள்ளி வாங்கினார். அவரைப் பார்த்து ரசிங்க, அவரை வச்சு இஎம்ஐ கணக்கு போடாதீங்க.

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன். மரக்காணத்துல வருஷ ஆரம்பத்துல பாத்தி கட்டி மிதிச்சு, தண்ணியைப் பாத்திக்குப் பாத்தி மாத்துவாங்க. கடல் தண்ணி சுமாரா 3 டிகிரி போமே, உப்பு பூக்க ஆரம்பிக்கறது 25 டிகிரி கிட்ட. அதுவரைக்கும் வாரக் கணக்குல வெயில்ல வேலை மட்டும்தான், வாரறதுக்கு ஒண்ணும் இருக்காது. இதை நான் தம்பிக்குச் சொல்லித்தரணுமா, அவர் வீட்டுலயே தெரியும். ஆனா ஐப்பசி கார்த்திகை மழை பிடிச்சா அந்த வேலையும் நின்னுடும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ அளம் முழுக்க வெள்ளம். வேலையில்லாத காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் குடுக்குது. அந்த மூணு மாசத்துக்கு இஎம்ஐ மட்டும் 10,500 ரூபாய். யார் கட்டுவா? ஒரு தவணை தவறினா அபராதம், கடன் அம்மா பேர்ல இருந்தா அவங்க சிபில் ஸ்கோரும் அடி வாங்கும்.

இலவசமாவே நல்ல வழி இருக்கு. ஹெல்சிங்கியில ஆன்ட்டி லாக்சோனென் உருவாக்கின சிஎஸ்இஎஸ் கேள்வித் தொகுப்பு, அவரோட புத்தகத்தோட பிடிஎஃப், ரெண்டும் காசில்லாம கிடைக்கும். வடக்கே போனா சிறுசேரியில சென்னை கணிதவியல் கழகம் இருக்கு. அங்கத்த பேராசிரியர்கள் சேர்ந்து நடத்தற இந்தியக் கணிப்பொறி ஒலிம்பியாடுக்கான பாடங்களும் இணையத்துல இருக்கு. அது ஸ்கூல் பசங்களுக்கானது, இருந்தாலும் தொடக்கத்துக்குப் பிரமாதம்.

கோட்ஃபோர்சஸ் போட்டி பெரும்பாலும் நம்ம நேரம் ராத்திரி 8:05-க்கு ஆரம்பிச்சு பத்து மணி தாண்டும். விடிகாலையில எல்லாரும் எழுந்திரிக்கற வீட்டுல அது கஷ்டம்தான். ஜப்பானோட அட்கோடர் பிகினர் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் 5:30-க்கு, 100 நிமிஷம். தம்பிக்கு அதைத்தான் எழுதியிருக்கேன். அந்த 3,500-ல முடிஞ்சதை, 1,000 ரூபாயா இருந்தாலும், அக்டோபர் வரைக்கும் ஒரு சேமிப்புக் கணக்குல போட்டு வைக்கச் சொன்னேன். பத்து அட்கோடர் போட்டி முடிஞ்சதும் திரும்ப மெயில் பண்றேன்னு பதில் வந்திருக்கு. அவர் சம்மதிச்சா அந்தக் கிராஃபை வீடியோவுல காட்டறேன், இறங்கின இடங்களையும் சேர்த்து.