சாரலுக்கு ஏற்ற வரைபடம்

குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதை மறந்தாலும் துண்டை மறப்பதில்லை. மறந்தாலும் அருவிக்கரைக் கடையில் ஒன்று வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் துண்டைப் போலவே ஊரின் வரைபடமும் துணியில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கிவிட்டால், அருவிப் பக்கமே போகாதவரையும் சாரல் நனைத்துவிடும். அருவிகளும் ஓரிடத்தில் இல்லை. பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். பழைய குற்றாலம் வேறொரு திசை. புலியருவியும் சிற்றருவியும் தனித்தனி. பேரருவியில் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டால், பிள்ளைகளும் ஈர மூட்டையுமாக வந்தவர்கள் அடுத்த அருவிக்கு வழி தேட வேண்டும். வழி தேவைப்படும் நேரமும் கை நனைந்திருக்கும் நேரமும் இங்கே ஒன்றுதான்.

காகிதம் என்பது ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொண்ட நார்கள். தண்ணீர் பட்டால் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. துணியில் நார் முறுக்கேறி நூலாகி, பாவும் ஊடையுமாகப் பின்னிக் கிடப்பதால் எவ்வளவு நனைந்தாலும் அது பிரிவதில்லை. அதிலும் பருத்திக்குத் தனிக் குணம் உண்டு: நனையும்போது அதன் வலு கூடும். ரேயானுக்கு நேர் எதிர். மடிப்பிலும் இந்த வித்தியாசம் தெரியும். நாலாக மடித்த காகிதப் படத்தைச் சில நாள் பையில் வைத்து எடுத்தால், குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சந்திக்கும் புள்ளி முதலில் வெளுக்கும். பிறகு அங்கே மிளகளவு ஓட்டை விழும். அது படத்தின் நட்டநடு. துணியைக் கசக்கி மடியில் செருகினாலும் அந்த இடத்தில் சுருக்கம்தான் விழும்.

இது புதிய யோசனையும் அல்ல. சீனாவின் சாங்ஷா அருகே மவாங்துயியில் 1973-இல் தோண்டியெடுத்த கல்லறையில் பட்டில் வரைந்த நிலப்படங்கள் கிடைத்தன. கல்லறையின் காலம் கி.மு. 168. சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களைத் துண்டுகளாக வெட்டி, மடிக்க இடைவெளி விட்டு, லினன் துணியில் ஒட்டிக் களத்துக்குக் கொண்டுபோவது அந்தக் காலத்து வழக்கம். நம் வகுப்பறைச் சுவரில் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே தொங்கிய இந்தியா மேப்பின் முதுகிலும் துணிதான் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் எம்.ஐ.9 அமைப்பு விமானிகளுக்குப் பட்டில் அச்சடித்த வரைபடம் கொடுத்தது. சட்டை உள்துணியில் வைத்துத் தைத்தாலும் சலசலக்காது என்பது அதன் பெரிய பலம். முதலில் பட்டில் மை பரவிக் கோடுகள் கலங்கின. ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினை மையில் கலந்த பிறகே கோடு நின்றது. கோடு கலங்குவதுதான் துணியின் உண்மையான பலவீனம். ஆகவே குளிக்கிற துண்டில் வரைபடம் நிற்காது. பாப்ளின் போல நெருக்கமாக நெய்த துணி வேண்டும். துவைத்தால் சுருங்கி அளவு மாறுமே என்றால், தைக்கக் கொடுக்குமுன் துணியை நனைத்துக் காயவைப்பதுபோல அச்சடிக்குமுன் செய்துவிடலாம்.

கையில் போன் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டவர் கிடைக்காத மலையிலும், முன்பே இறக்கி வைத்த வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைப் போன் காட்டும். துணியால் அது முடியாது. ஆனால் எண்ணெயும் தண்ணீருமாக இருக்கும் விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது. குளிக்கப் போகிறவர்கள் போன்களை ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் மற்றவர் கையில் எதுவும் இருக்காது. இடுப்பில் கட்டிய துணி அப்போதும் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட படம் போதாதா என்றால், அதுவும் மடிப்பில் விரிசல் விடும். கிழிந்தால் சிற்றாற்றோடு போய்த் தாமிரபரணியில் சேரும். பாலியஸ்டர் துணியையும் இதே காரணத்தால் நான் ஏற்கமாட்டேன். விசைத்தறி ஓடும் சங்கரன்கோவில், குற்றாலம் இருக்கும் இதே தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பருத்திக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வரைபடம் கொடுத்தால் ஜனங்கள் தேனருவி வரை காட்டுக்குள் ஏறிவிடுவார்கள் என்ற அச்சம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. அதனால் காட்டுப் பாதைகளை வரையவே கூடாது. வனத்துறை அனுமதி எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே தடித்த கோடு போட வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். எந்த வரைபடமும் வெள்ளத்தை நிறுத்தாது. ஆனால் கீழே வெயில் அடிக்கும்போதும் மேலே பெய்த மழை வந்து சேரும் என்பதைப் படத்தில் காட்ட முடியும்: ஒவ்வொரு அருவிக்கும் தண்ணீர் தரும் மலைச்சரிவை ஒரு நிறத்தில் தீட்டலாம். அருவிக்குக் கீழே படிக்கட்டு எந்தப் பக்கம், சட்டென்று ஏற மேடு எந்தப் பக்கம் என்பதைச் சிவப்பில் பெரிதாக அச்சடிக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வழியும்போதும் தெரிகிற அளவுக்கு.