மாண்ட மாடுகளும் நிவாரணத் தொகையும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலினால் சென்னை நகரம் வெள்ளக்காடாய்க் கிடந்த நாட்களில், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகள் ஆவின் பால் கிடைக்காமல் கடை கடையாக அலைந்தனர். பால் வரவில்லையே என்று நாம் அனைவரும் முறையிட்டோம். பால் கறக்கும் பசுக்கள் என்னவாயின என்று விசாரித்தவர் வெகு சிலரே. அக்குற்றத்தினின்று நம்மையும் விலக்கிக்கொள்வதற்கில்லை.

அம்மாதம் 9-ந் தேதி முதன்மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் வெளியிட்ட அறிவிப்பில், மாண்ட பசுவுக்கு அளித்துவந்த ரூ.30,000 ரூ.37,500 ஆகவும், ஆட்டுக்கு அளித்துவந்த ரூ.3,000 ரூ.4,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. சில தினங்களுக்கெல்லாம் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும், 2024-ம் வருஷம் பெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர் பிரதேசங்களைத் தாக்கியபோதும் இதே விகிதமே கையாளப்பட்டது. இவ்வுயர்வை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இதனைத் தயாளம் என்று பாராட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-ம் வருஷம் மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதிகளில் கண்ட தொகையும் இதுவேயாம். விதி பிறந்து ஓராண்டுக்கு மேலான பின்னரே, அதுவும் ஒரு புயல் வந்து கதவைத் தட்டிய பின்னரே, அது நமது குடியானவனுக்கு எட்டிற்று. அந்நிதியில் முக்கால் பங்கு மத்திய சர்க்காருடையது. கால் பங்குதான் தமிழ்நாட்டினுடையது.

அந்நிய ஆட்சியார் 1884-ம் வருஷத்து விவசாயிகள் கடன் சட்டத்தின்கீழ் மாடு வாங்கப் பணம் கொடுத்தனர். கொடுத்ததைத் திரும்ப வசூலித்தனர். சுயராஜ்ய சர்க்கார் கடனாகக் கொடாமல் நிவாரணமாகவே கொடுப்பது பெரிய முன்னேற்றம் என்பதில் ஆக்ஷேபமில்லை. ஆனால் கடன் கேட்டவன் தனது சொத்தைக் காட்டினால் போதும். நிவாரணம் கேட்பவனோ இழந்துவிட்ட சொத்தையல்லவா நிரூபிக்க வேண்டியிருக்கிறது! நஷ்டத்தை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி அத்தாட்சி செய்யவேண்டும் என்பது விதி. தொழுவத்திலேயே விழுந்து செத்த மாட்டுக்கு இது சரி. இரவோடிரவாக வெள்ளம் அடித்துக்கொண்டு போன பசுவின் உடலை எந்தக் கால்வாயில் தேடிக் காட்டுவது? சாட்சியச் சட்டம் அறிந்த எவரும் உடல் ஒன்றையே அத்தாட்சியாகக் கொள்ளார். கால்நடை இலாகாவினர் மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லையைப் பொருத்தி, உடையவன் பெயரைப் பதிவு செய்கிறார்கள். பால் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகத்தில், முந்தின நாள் வரையில் ஊற்றிய பாலின் கணக்கு இருக்கிறது. இவை இரண்டும் சர்க்கார் அறிந்த தஸ்தாவேஜுகளே. இவற்றை ஏற்றுப் பணம் கொடுப்பதற்குத் தடை என்ன?

வரம்பு ஒன்றும் உண்டு. 2015-ம் வருஷத்து விதிகள், குடும்பமொன்றுக்குப் பெரிய கறவைகள் மூன்றுக்கு மேல் நிவாரணமில்லை என்றன. ஐந்து மாடுகளை இழந்தவன், இரண்டை வருணபகவானுக்கு அர்ப்பணம் செய்ததாக எண்ணி ஆறுதலடைய வேண்டியதுதான் போலும்! மேலும், ரூ.37,500 மாண்ட மாட்டுக்கே ஈடு. மறு மாடு வாங்கி அது கறக்கும் வரையில் நின்றுபோன பால் வருமானத்துக்கு அத்தொகையில் இடமில்லை. நிலமற்ற குடும்பங்களில், பெரும்பாலும் ஸ்திரீகளே பராமரிக்கும் அந்த ஒற்றைப் பசுதான் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கடைப் பாக்கிக்கும் ஆதாரம்.

வடகிழக்குப் பருவமழை வருஷந்தோறும் ஐப்பசியில் வருவது யாவரும் அறிந்ததே. அதற்கு முன்பாகவே ஒவ்வொரு தாலூகாவிலும் காது வில்லைப் பதிவுகளையும் பால் சங்கக் கணக்குகளையும் ஒப்பிட்டுத் தாசில்தார் கையில் ஜாபிதா தயாராயிருக்க வேண்டும். பணம் பட்டுவாடாவாகும் தேதியையும் முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும்.