வள்ளிக்கிழங்கும் வனச் சட்டமும்

'பாரம்பரிய உணவு' என்று யாராவது பேச ஆரம்பித்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. வர வேண்டும்தான். பாரம்பரியம் என்ற பெயரில் இந்த நாட்டில் காப்பாற்றப்பட்டவற்றில் தீண்டாமையும் உண்டு, குலத்தொழிலும் உண்டு. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, அதுவரை 'காட்டான் சாப்பாடு' என்று முகம் சுளித்த வீடுகளிலும் வரகும் சாமையும் கண்ணாடிக் குடுவைக்குள் வந்து உட்கார்ந்தன. அவற்றை விளைவித்தவர்களின் நிலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆகவே பழங்குடிகளின் தாவர உணவைக் காப்பது பற்றிப் பேசுவதென்றால், யார் காப்பது, யாரிடமிருந்து காப்பது என்று கேட்டுவிட்டுத்தான் பேச முடியும்.

'சோளகர் தொட்டி' நாவல் வழியாக நம்மில் பலர் அறிந்த சோளகர்கள் சத்தியமங்கலம் காட்டிலும், அதையொட்டி வடக்கே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் வாழ்கிறார்கள். அங்கே அவர்களைச் சோலிகர் என்பார்கள். ஒரே காடு, ஒரே மக்கள், நடுவில் ஒரு மாநில எல்லை. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த இரண்டு பக்கமும் போய்வருகிறேன்.

காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டுவது வெறும் கைவேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். மழை முடிந்து கொடி காய்ந்த பிறகுதான் கிழங்கு முற்றும். ஆனால் கொடி காய்ந்துவிட்டால் இலை இருக்காது; சருகுக்குள் நூல்போலக் கிடக்கிற ஒரு தண்டைப் பார்த்து இது நூரையா, கவலையா, தொடக்கூடாத கசப்பு வகையா என்று சொல்லத் தெரிய வேண்டும். முழங்கை ஆழம், சில இடங்களில் இடுப்பளவு ஆழம் தோண்டி எடுத்த பிறகு, கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். இளகிய மண்ணில் அடுத்த பருவத்துக்கு மறுபடி இறங்கும். நச்சுள்ள வகைகளை மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, விஷம் இறங்கியபின் வேகவைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. எத்தனை முறை தண்ணீர் மாற வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையில் இருக்கிறது. இதை விவசாயம் என்று நாம் சொல்வதில்லை, 'சேகரிப்பு' என்கிறோம். அந்தச் சொல்லே ஒரு தரவரிசைதான்.

இன்னொன்று நெருப்பு. கோடை முற்றுவதற்கு முன்பே, ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே, தரையோடு ஓடுகிற சிறு தீயைச் சோலிகர்கள் வைத்துவந்தார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர், சருகு நெருப்பு. அது உண்ணிச்செடியின் நாற்றுகளைப் பொசுக்கும். நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவியையும் மட்டுப்படுத்தும் என்பது அவர்கள் கணக்கு. 1974-இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயம் ஆனது. இடம் மாற்றிப் பயிரிட்டு வந்தவர்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தீ வைப்பது குற்றமாயிற்று. பிறகு என்ன நடந்தது? 1997-இல் ஆய்வாளர்கள் அளந்த நிலத்துண்டுகளில் 41 சதவீதத்தில் இருந்த உண்ணிச்செடி, 2008-இல் 81 சதவீதத்தில் இருந்தது. உண்ணிச்செடி புதர் மண்டினால் அடியில் கிழங்குக் கொடி எங்கே என்று தெரியாது, கீரை முளைக்காது, நெல்லிக் கன்று எழும்பாது. தீயை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீயை நிறுத்தச் சொன்னவர்கள், அதை வைத்தவர்களிடம் காரணம் கேட்கவில்லை. சூழலியலாளர்கள் கேட்டது பல ஆண்டுகள் கழித்து.

2000-களின் நடுவில் சரணாலயத்துக்குள் விற்பனைக்காக நெல்லி, சீயக்காய் சேகரிப்பதற்கும் தடை வந்தது. நெல்லிக்காயின் கதை சாதிய அறிவுச் சந்தை பற்றித் தனியாகவே ஒரு பாடம். ச்யவனப்பிராசத்தின் முக்கியச் சரக்கு நெல்லி. பெயர் ச்யவன முனிவருடையது, செய்முறை சரக சம்ஹிதையில் இருக்கிறது. மரம் ஏறுகிறவர், எந்தக் கிளையை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்தவர், அந்தக் கதையில் எங்குமே இல்லை. 2023-இல் திருத்தப்பட்ட உயிரியல் பன்மைச் சட்டம் 'தொகுத்து எழுதப்பட்ட' பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. இந்த நாட்டில் யாருடைய அறிவு எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை, எழுதவே கூடாது என்று யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் முழுக்க எதிராகவும் இல்லை. அதுதான் எரிச்சல். 1882-இன் மதராஸ் வனச் சட்டம் முதல் காட்டில் கை வைத்தால் குற்றம் என்றிருந்ததை, 2006-இன் வன உரிமைச் சட்டம் 'வரலாற்று அநீதி' என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. சிறு வன விளைபொருள் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் வேர்களும் கிழங்குகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அவற்றை எடுக்க, பயன்படுத்த, விற்க உரிமை. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை. எல்லைக்கு அந்தப் பக்கம், புலிகள் காப்பகம் என்று அறிவித்த பிறகும் போராடி, 2011-இல் இருபதுக்கும் மேற்பட்ட கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. இந்தப் பக்கம், 'சமூகநீதி மண்' என்று நாம் மார்தட்டுகிற மாநிலத்தில், 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கும்வரை எந்தப் பெரிய கட்சிக்கும் அது தேர்தல் பிரச்சினையாகப் படவில்லை. மக்கள்தொகையில் பழங்குடிகள் சுமார் 1 சதவீதம்தானே.

மலைக்கிராமம் ஒன்றில் கிழங்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர், "போட்டோல எங்க முகம் வேண்டாம், கெழங்கு மட்டும் எடுத்துக்கோ கண்ணு. நாளைக்குக் கேஸ்னு வந்துட்டா?" என்றார். வாச்சாத்தியில் 1992-இல் நடந்ததற்கு 2011-இல் 215 பேர் தண்டிக்கப்பட்ட மாநிலம் இது. அந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது.

எங்கள் ஆய்வுலகத்தில் 'ஆவணப்படுத்துதல்' என்றால் ஓர் அட்டவணை: தாவரவியல் பெயர், குடும்பம், வட்டாரப் பெயர், பயன்படும் பாகம். தோண்டியதற்குக் கட்டிய அபராதம் எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. காட்டுக்குள் போக முடியாத பேத்தி, பருவம் முழுக்க உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிற பேரன், இவர்கள் இல்லாமல் அந்த அட்டவணை எதைக் காப்பாற்றும்?

அதே சமயம், ரேஷன் அரிசியை விட்டுவிட்டுக் கிழங்கு தின்னுங்கள் என்று சொல்ல நமக்கு யாரும் உரிமை தரவில்லை. ரேஷன் அரிசி போராடி வாங்கியது. பசித்த மாதங்களில் காட்டுக்கிழங்கு மட்டுமே கிடைத்ததை நினைவில் வைத்திருக்கிறவர்களிடம் போய் அதன் சத்தைப் பற்றி வகுப்பெடுப்பது அசிங்கம். அரிசியும் வேண்டும், கிழங்கும் வேண்டும். எதை எப்போது உண்பது என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவள் என்பதால்தான் வள்ளிக்கு அந்தப் பெயர் என்கிறது புராணம். ஊருக்கு ஊர் அவளுக்குத் திருக்கல்யாணம் நடத்துகிற சமூகம், இன்று அந்தக் குழியைத் தோண்டுகிறவர்மேல் வழக்குப் போடுகிறது.

உங்கள் கல்லூரியிலோ அமைப்பிலோ பழங்குடி உணவுத் திருவிழா நடத்துகிறீர்களா, நடத்துங்கள். ஆனால் சமைக்க அழைக்கிற ஊருக்குச் சமூக வன உரிமைப் பட்டா வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வரவில்லையென்றால் அந்தக் கிராம சபையின் மனு கோட்ட அளவிலான குழுவில் கிடக்கிறதா, மாவட்டக் குழுவில் கிடக்கிறதா, எத்தனை ஆண்டுகளாக என்று அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.